நெறி கட்டுதல்

எங்கள் பக்கத்தில் காலில் முள் தைத்தோ கிளிஞ்சல் கீறியோ புண்ணாகி, இரண்டு நாளில் தொடை இடுக்கில் கோலிக்குண்டு மாதிரி ஒன்று எழும்பி வலித்தால் ‘நெறி கட்டிக்கிச்சு’ என்பார்கள். டாக்டர் பாஷையில் அது நிணநீர் முடிச்சு வீங்குவது. பள்ளிக்கூடத்தில் நெறி என்றால் வழி, ஒழுக்கம் என்று படித்தோம். வீட்டில் நெறி என்றால் தொடை இடுக்கு. இரண்டும் ஒரே சொல்லா, ஒலி மட்டும் ஒத்துப்போன இரண்டா என்பதை மொழியியல்காரர்களிடம் விட்டுவிடலாம். பதினைந்து வருடமாக வீங்கிய இடது காலோடு இருக்கிறவன் என்ற முறையில் என்னால் ஒன்றைச் சொல்ல முடியும்: காலைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிற எவரும் மூன்றாவது வாக்கியத்துக்குள் ஒழுக்கத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 26 மாதத்தில் 131 கிலோவிலிருந்து 83 கிலோவுக்கு வந்திருக்கிறேன். கிட்டத்தட்ட ஒரு மெலிந்த மனிதரை இறக்கி வைத்த மாதிரி. கால் விஷயம் அப்படி நேராக இல்லை. இன்ச் டேப்பை வைத்துக் கணுக்காலிலிருந்து தொடை வரை 4 செ.மீ.க்கு ஒருமுறை சுற்றளவு எடுத்து, ஒவ்வொரு துண்டையும் நுனி வெட்டிய கூம்பாகப் பாவித்துக் கன அளவு போடலாம். பிளஸ் டூ கணக்குதான். அப்படிப் போட்டால், குண்டாக இருந்த காலத்தில் வலது கால் 14 லிட்டர், இடது கால் 17.1 லிட்டர். இப்போது வலது 9, இடது 11.4. லிட்டரில் பார்த்தால் வித்தியாசம் 3.1-இலிருந்து 2.4 ஆகக் குறைந்திருக்கிறது. விகிதத்தில் பார்த்தால் 22 சதவீதத்திலிருந்து 27 சதவீதமாகக் கூடியிருக்கிறது. பார்க்கிற கண் லிட்டரை அளப்பதில்லை, விகிதத்தைத்தான் அளக்கிறது. முன்பு என்னை ‘குண்டு’ என்று பார்த்தவர்கள் இப்போது ‘கால்’ என்று பார்க்கிறார்கள். உடம்பு முழுக்கப் பெரிதாக இருந்தபோது கால் அதற்குள் ஒளிந்திருந்தது. நான் இளைத்து அதைக் காட்டிக் கொடுத்துவிட்டேன்.

பாராட்டு நிறைய வந்தது. ஆபீஸில் ‘செம டெடிகேஷன் ப்ரோ’. கல்யாண வீடுகளில் தெரியாதவர்கள் கூட அம்மாவிடம் வந்து ‘புள்ள நல்லா கட்டுப்பாடா கீறான்’ என்கிறார்கள். அதே ஆட்கள், அதே நிற்கையில், பார்வை கீழே இறங்கி, ‘கால் மட்டும் ஏன் இன்னும்…?’ என்று இழுக்கிறார்கள். அந்த இழுவையில் ஒரு சந்தேகம் இருக்கிறது. எதையோ நான் இன்னும் சரியாகச் செய்யவில்லை. உப்பைக் குறைக்கவில்லையோ, நடக்கவில்லையோ. ஒரே உடம்பு, ஒரே 26 மாதம், ஒரே சோறு, ஒரே நடை. இடுப்புக்கு மேலே அதற்கு விருது, முழங்காலுக்குக் கீழே மெமோ.

இது வெறும் இங்கிதக் குறைவு என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விருதும் மெமோவும் ஒரே கணக்குப் புத்தகத்திலிருந்து வருகின்றன. உடம்பு என்பது நடத்தைக்குக் கிடைக்கும் மதிப்பெண் என்று ஒப்புக்கொண்டால்தான் இளைத்தவனைப் பாராட்ட முடியும். அதை ஒப்புக்கொண்டுவிட்டால் இளைக்காத காலுக்கும் மதிப்பெண் போட்டே ஆகவேண்டும். ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு இன்னொன்றைத் திருப்பித் தர முடியாது.

பாராட்டு உண்மையில் எதற்குத் தரப்படுகிறது என்பதை என் டீமில் ஒருவர் எனக்குக் காட்டினார். 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ இந்தியாவுக்கு வந்தது. வாரம் ஒரு ஊசி, பசி அடங்குகிறது, எடை இறங்குகிறது. அவர் அதைப் போட்டுக்கொண்டு இருபது கிலோவுக்கு மேல் இறக்கினார். சர்க்கரை சீரானது, மூட்டுவலி போனது. என் விஷயத்தில் கிடைத்த எல்லா நன்மையும் அவருக்கும் கிடைத்தது. விஷயம் வெளியே தெரிந்த அன்றோடு பாராட்டு நின்றது. ‘ஊசி போட்டா நாங்ககூடதான் இளைப்போம்.’ ஆக, நாம் கைதட்டியது ஆரோக்கியத்துக்கு இல்லை. பட்டினிக்கு. வலியைச் செலுத்தி வாங்கிய இளைப்புக்குத்தான் மதிப்பு. இது நம் ஊரில் புதிதல்ல. விரதம், காவடி, தீமிதி என்று உடம்பை வருத்திப் புண்ணியம் சேர்க்கும் கணக்கு நமக்கு நன்றாகப் பழக்கம். கலோரி எண்ணும் ஆப் அந்தக் கணக்கின் சமீபத்திய வெர்ஷன்.

கால் விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் பழையது. திருப்பாலைவனம் என்ற பெயரைக் கேட்டதும் மணலையும் ஒட்டகத்தையும் நினைப்பவர்களுக்கு: அது பாலை மரங்கள் நின்ற காட்டின் பெயர். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் வழியில் இருக்கிறது, சுற்றி வயலும் உப்பங்காற்றும்தான். பக்கத்தில் இருக்கும் ஏரி, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி. இங்கிருந்து கடலோரமாகவே தெற்கே போனால் எண்ணூர், ராயபுரம், மயிலாப்பூர். 1580-களில் கோவா பேராயரின் செயலாளராக இருந்த டச்சுக்காரர் யான் ஹைகன் வான் லின்ஸ்கோட்டன், 1596-இல் வெளியிட்ட தன் பயணநூலில் மயிலாப்பூர் பக்கத்து மனிதர்களைப் பற்றி ஒரு செய்தி எழுதியிருக்கிறார். அங்கே சிலருக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே யானையின் கால் போல் பருத்திருக்கிறது. காரணம், அவர்கள் புனித தோமாவைக் கொன்றவர்களின் வம்சமாம், அதற்கான சாபமாம். ஐரோப்பாவில் இந்த வீக்கத்துக்குப் ‘புனித தோமா கால்’ என்றே ஒரு பெயர் நிலைத்தது. டச்சுக்காரர்கள் கிழக்கே வர வழிகாட்டிய புத்தகங்களில் அது முக்கியமானது. 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியவர்கள் எங்கள் ஊர்க் கால்களைப் பார்த்தபோது, காரணத்தைத் தேட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருந்திருக்காது. அச்சிலேயே இருந்தது.

என் ஆயாவுக்கும் யானைக்கால்தான். தலையில் மீன் கூடையோடு பொன்னேரிக்கு நடந்தவர். அவருக்கு தோமாவைத் தெரியாது. ஆனாலும் அவரிடமும் ஒரு வழக்கு இருந்தது. ‘போன ஜென்மத்துல யார எட்டி ஒதைச்சனோ’ என்பார். பாருங்கள், தண்டனைகூடப் பொருத்தமாக இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு. கையால் திருடியிருந்தால் கை வீங்கியிருக்கும். ஆயா அதை அழுதுகொண்டு சொன்னதில்லை. ஒரு விஷயம் ஃபைலில் முறையாகப் பதிவாகியிருக்கிறது என்ற தோரணையில் சொல்வார். சாபத்துக்கும் கர்மாவுக்கும் இருக்கும் கவர்ச்சி அதுதான் என்று நினைக்கிறேன். குற்றவாளியாக இருப்பது காரணமே இல்லாமல் இருப்பதை விடத் தேவலை.

காரணம் உண்மையில் என்ன? ரத்தத்தை இதயம் தள்ளுகிறது. நுண்குழாய்களிலிருந்து கொஞ்சம் நீரும் புரதமும் கசிந்து திசுக்களுக்குள் போகின்றன. ஒரு நாளில் பல லிட்டர். அதைத் திரும்ப அள்ளி ரத்தத்தில் சேர்ப்பது நிணநீர்க் குழாய்களின் வேலை. என் தொழில்காரர்களுக்குச் சொன்னால் புரியும், உடம்பின் கார்பேஜ் கலெக்டர். அதற்கு இதயம் மாதிரி ஒரு மையப் பம்பு கிடையாது. குழாயின் ஒவ்வொரு துண்டும் தானே சுருங்கி, வால்வு வழியாக அடுத்த துண்டுக்குக் கை மாற்றிக் கை மாற்றி மேலே அனுப்புகிறது. நடக்கும்போது கெண்டைச்சதையும், மூச்சிழுக்கும்போது வயிறும் உதவுகின்றன. கிணற்றில் தூர் வாரும்போது வரிசையாக நின்று சட்டி மாற்றுவார்களே, அந்த மாதிரி. வரிசையில் நாலு பேர் விழுந்துவிட்டால் சேறு அங்கேயே நிற்கும்.

எங்கள் கடற்கரையில் அந்த நாலு பேரை விழவைத்தது வுச்செரேரியா பான்கிராஃப்டி என்ற நூல்போன்ற புழு. சாக்கடையில் முட்டையிடும் க்யூலெக்ஸ் கொசு அதைக் கொண்டுவருகிறது. பெரிய புழுக்கள் நிணநீர்க் குழாய்க்குள்ளேயே வருடக்கணக்கில் குடித்தனம் நடத்துகின்றன. குழாய் தளர்ந்து, வால்வு கெட்டுப்போகிறது. குட்டிப் புழுக்கள் பகலில் நுரையீரல் பக்கம் ஒதுங்கியிருந்து, கொசு கடிக்கும் நடுராத்திரியில் மட்டும் மேல்ரத்தத்துக்கு வருகின்றன. அதனால்தான் ராத்திரி பத்து மணிக்கு மேல் சுகாதாரத் துறைக்காரர்கள் கதவைத் தட்டி விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். சின்ன வயதில் எங்களுக்கு அவர்கள் பிள்ளைபிடிக்கிறவர்களுக்குச் சமம். 1872-இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் மனித ரத்தத்தில் இந்தக் குட்டிப் புழுவைப் பார்த்தார். 1877-இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மான்சன், புழுத் தொற்று இருந்த தன் வேலைக்காரரைக் கொசுக்கடிக்கு விட்டு, கொசுவின் வயிற்றுக்குள் புழு வளர்வதைக் கண்டார். அந்த வேலைக்காரரின் சம்மதம் பற்றி ஒரு தனிக் கட்டுரை எழுதலாம். 1947-இல் வந்த டிஇசி மாத்திரை, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவின் லெடர்லே ஆய்வகத்திலிருந்து வந்தது. தோமாவைக் கொன்ற வம்சம் என்ற வழக்கைத் தள்ளுபடி செய்ய முந்நூற்றைம்பது வருடம் ஆகியிருக்கிறது.

இங்கே கதையை முடித்தால் வசதி. குற்றவாளி கொசு, நாங்கள் நிரபராதிகள். ஆனால் இன்னொரு காரணமும் இருக்கிறது. 2012-இல் பாஸ்டனின் அரின் கிரீனும் சகாக்களும், மிகக் கடுமையான உடல்பருமன் மட்டுமே நிணநீர் ஓட்டத்தைக் கெடுக்க முடியும் என்று காட்டினார்கள். உடல் நிறைக் குறியீடு ஐம்பதைத் தாண்டி அறுபதை நெருங்கும் இடத்தில் கால்களின் நிணநீர்க் குழாய்கள் தோற்கத் தொடங்குகின்றன. எடை இறங்கினாலும் எல்லோருக்கும் அவை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. எதிர்த் திசையிலும் ஒரு வட்டம் இருக்கிறது. தேங்கிய நிணநீர் இருக்கும் இடத்தில் உடம்பு கொழுப்பையும் நாரையும் சேர்த்துக்கொண்டே போகிறது. ஸ்வீடனின் மால்மோவில் ஹோகன் புரோர்சன், கட்டுப் போட்டு நீரை முழுக்க வடித்தபிறகும் பெரிதாகவே நிற்கும் கைகால்களில் மிச்சம் இருப்பது கொழுப்பு என்று காட்டி, அதை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சையை வளர்த்தார். அதாவது என் இடது காலில் இருப்பதில் பாதி தண்ணீரே இல்லை. என் வயிற்றுக் கொழுப்பு கேட்ட பேச்சை அது கேட்கவும் இல்லை.

எனக்குக் கால் வீங்க ஆரம்பித்தது பத்தொன்பது வயதில். அப்போதே நான் நூற்றுப் பத்துக் கிலோ. ராத்திரி ரத்தத்தில் புழு கிடைக்கவில்லை. அதனால் ஒன்றும் தீர்மானமாகாது, கால் வீங்கும் காலத்தில் பெரும்பாலும் புழு செத்துப்போயிருக்கும். அப்போது பார்த்த ஒரு டாக்டர் பேண்ட்டை மடிக்கச் சொல்லக்கூட இல்லை. ‘மொதல்ல வெயிட்ட கொறைங்க, அப்பறம் கால பாக்கலாம்’ என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் கால் என் தண்டனையாகவும், இளைப்பது வைத்தியத்துக்கு நுழைவுச் சீட்டாகவும் ஆனது. ஆகவே கொசுவா சோறா என்பது எனக்குப் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை.

என்னிடம் வாதம் இருக்கிறது. என் குறியீடு உச்சத்தில் 43, கிரீனின் எல்லைக்கு ரொம்பக் கீழே. பருமனால் வருவது பொதுவாக இரண்டு காலையும் பிடிக்கும், எனக்கு ஒன்றுதான். நான் வளர்ந்தது நோய்க் கடற்கரையில், ஆயா படுக்கைக்குப் பக்கத்துப் பாயில். ஜட்ஜ் யாராக இருந்தாலும் கொசு என்றுதான் தீர்ப்பெழுதுவார். இந்தக் கணக்கைப் போட்டு முடித்த ராத்திரி மனதுக்கு ஒரு நிம்மதி வந்தது. அது என்ன வகை நிம்மதி? கால் ஒரு மில்லி லிட்டர்கூடக் குறையவில்லை. வைத்தியத்தில் எதுவும் மாறவில்லை. வழக்கில் ஜெயித்த நிம்மதி அது. நான் ஜெயிப்பதற்கு வேறொருவர் தோற்க வேண்டியிருந்தது: இரண்டு காலும் பருத்த, குறியீடு அறுபது தாண்டிய, கொசுவைச் சாட்சிக்கு அழைக்க முடியாத ஒருவர். ‘நான் அவரை மாதிரி இல்லை’ என்பதுதான் என் வாதத்தின் சாரம். கூண்டிலிருந்து நான் இறங்கியிருக்கிறேன், கூண்டு அப்படியே இருக்கிறது.

அந்த ஆளுக்கும் என் மாதிரியே மரபணு, தூக்கம், ஷிப்ட் வேலை, சின்ன வயதுத் தட்டு, அம்மாவின் பயம் என்று நூறு காரணம் இருக்கும். தாமஸ் நேகலும் பெர்னார்ட் வில்லியம்ஸும் 1976-இல் ‘ஒழுக்க அதிர்ஷ்டம்’ என்று ஒன்றைப் பற்றி விவாதித்தார்கள். நம் கையில் இல்லாதவற்றுக்காக ஒருவரைப் பழிக்கவோ புகழவோ கூடாது என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம். ஆனால் கையில் இல்லாதவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் புகழவும் பழிக்கவும் கடைசியில் எதுவும் மிஞ்சாது போலிருக்கிறது. என் 48 கிலோவை இப்படிக் கழித்துப் பார்க்கலாம். வீட்டிலிருந்து வேலை, கழி. சமைத்துத் தரும் அம்மா, கழி. பக்கத்தில் நீச்சல் குளம், அதற்கு மாதாமாதம் கட்டப் பணம், கழி. வாரக்கணக்கில் படுக்கவைக்கும் கால் ஜுரம் அந்த 26 மாதத்தில் எனக்கு ஒருமுறைதான் வந்தது, கழி. மிச்சம் எத்தனை கிலோ ‘நான்’? ஐந்தா? அந்த ஐந்தும் என் பிடிவாதம் என்றால், பிடிவாதம் ஆயாவிடமிருந்து வந்தது.

எபிக்டெட்டஸை ஆபீஸ் நண்பர்கள் எனக்கு அடிக்கடி அனுப்புகிறார்கள். அடிமையாகப் பிறந்தவர், கால் ஊனமானவர், அதனால் எனக்குப் பொருந்துவார் என்று நினைப்பு. உன் வசம் உள்ளது, உன் வசம் இல்லாதது என்று உலகத்தை இரண்டாகப் பிரி, முதலாவதை மட்டும் கவனி என்பது அவர் பாடம். நல்ல பாடம்தான். ஆனால் நிணநீர்க் கால் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கட்டுப் போட்டால் இறங்குகிறது, ஆகவே என் வசம். போட்டாலும் ஓர் அளவுக்குக் கீழே இறங்காது, ஆகவே என் வசம் இல்லை. இளைத்தால் நல்லது, ஆனால் எவ்வளவு நல்லது என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இப்படி முக்கால் திறந்த கதவின் முன்னால் ஸ்டோயிக் ஆக இருப்பது கஷ்டம். பாதி வசப்படுகிற விஷயங்கள்தான் மனிதரைக் குற்ற உணர்வில் தள்ளுகின்றன. முழுக்க வசப்படாதவை துக்கத்தை மட்டும்தான் தருகின்றன.

இந்த இடத்தில் ஏரிக்குப் போக வேண்டும். இடுப்பளவு உவர்நீரில் நிற்பதைப் போல் வீங்கிய காலுக்கு இதமானது வேறில்லை. காரணம் எளிய இயற்பியல். ஒவ்வொரு செ.மீ. ஆழத்துக்கும் தண்ணீர் சுமார் 0.74 மி.மீ. பாதரச அழுத்தம் தருகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் நின்றால் கணுக்காலில் 74, முழங்காலில் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல், தொடையில் மிகக் குறைவு. ஆயிரக்கணக்கில் செலவழித்து நான் வாங்கும் அழுத்தக் காலுறை கணுக்காலில் முப்பது நாற்பது தந்தாலே பெரிது. கீழே அதிகம் மேலே குறைவு என்று அந்தக் கம்பெனிகள் பெருமையாக விளம்பரம் செய்யும் வடிவமைப்பை ஏரி காசில்லாமல் தருகிறது. ஆனால் நாளெல்லாம் அதே தண்ணீரில் இருக்கும் இருளர் பெண்களைப் பாருங்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றில் தவழ்ந்து, கையாலேயே இறால் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு யானைக்கால் இருந்தால் அழுத்தம் காலுக்கு நல்லதுதான். ஊறிய விரலிடுக்கும், கிளிஞ்சல் கீறலும் நல்லதில்லை. அந்தக் கீறல் வழியாகப் பாக்டீரியா போகிறது, குளிர் ஜுரம் வருகிறது, நெறி கட்டுகிறது, ஜுரம் இறங்கும்போது கால் முன்பை விட ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறது. காலைப் பெரிதாக்குவது பெரும்பாலும் புழு இல்லை, இந்த ஜுரங்கள்தான் என்பதைப் பிரேசிலின் ரெசிஃபேயில் ஜெருசா டிரையரும், ஆலப்புழையில் ஆர்.கே. ஷெனாயும் தங்கள் நோயாளிகளிடம் பார்த்துச் சொன்னார்கள். தடுக்கும் வழி சோப்பு, சுத்தமான தண்ணீர், விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைக்க ஒரு துணி, பூஞ்சைக் களிம்பு. ‘காலைச் சுத்தமாக வைத்துக்கொள்’ என்று சேற்றில் வேலை செய்பவரிடம் சொல்வது அறிவுரைதானா, இல்லை இன்னொரு மெமோவா?

அதே ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. இறால் நன்றாக விழும் இடங்கள் சில, விழாத இடங்கள் பல. யார் எங்கே வலை கட்டுவது என்பதைப் பலம் தீர்மானிப்பதில்லை, திறமையும் தீர்மானிப்பதில்லை. சீட்டுப் போட்டு முறை வைக்கிறார்கள். இன்றைக்கு நல்ல பாடு கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான பாடு வரும். நல்ல பாட்டில் கூடை நிறைய அள்ளியவரை யாரும் ‘என்ன டெடிகேஷன்’ என்று கேட்பதில்லை. வெறும் வலையோடு வந்தவரிடம் ‘நீ சரியா உழைக்கல’ என்பதும் இல்லை. இடம் அப்படி. உழைப்பு எல்லோருக்கும் பொது, இடம் சீட்டில் வந்தது, அதனால் இடத்தைச் சுற்றி விடுகிறோம். அதிர்ஷ்டம் என்று ஒன்று இருப்பதை ஒப்புக்கொண்டு அதன் மேல் ஒரு நிர்வாகத்தையே கட்டியிருக்கிறார்கள். நேகல் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. ரொமாண்டிக்காக எழுதிவிடக்கூடாது என்பதற்காக உடனே சொல்கிறேன்: சீட்டில் பேர் போட உரிமை பாரம்பரியமாகப் பட்டினவர் ஊர்களின் தலைக்கட்டு ஆண்களுக்குத்தான். பறியைப் பல்லில் கவ்வுகிற பெண்ணுக்குச் சீட்டே கிடையாது. உள்ளே அவ்வளவு நியாயமாக இருக்கும் ஒரு வட்டம், வெளியே இருப்பவர்களை ‘அது அவங்க விதி’ என்று சுலபமாக விட்டுவிடுகிறது. அதிர்ஷ்டத்தை எந்த எல்லை வரைக்கும் பகிர்ந்துகொள்கிறோம் என்பதில்தான் எல்லாச் சண்டையும்.

அரசாங்கத்துக்கும் அப்படி ஓர் எல்லை இருக்கிறது. ‘ஒழிப்பு’ என்றால் புதிதாக யாருக்கும் பரவாமல் நிறுத்துவது. வருடத்துக்கு ஒரு முறை ஊர் முழுக்க டிஇசி விழுங்கவைத்த அந்தப் பெரிய வேலை பெருமளவு பலித்திருக்கிறது. இன்றைய பிள்ளைகள் ஆயாவின் காலோடு வளரப்போவதில்லை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வரைபடத்தில் மாவட்டம் பச்சையாகிவிட்ட பிறகும், வீங்கிய காலோடு இருப்பவர் இன்னும் முப்பது நாற்பது வருடம் வாழப்போகிறார். அவருக்கு ஒரு பக்கெட், மக், டவல், சோப்பு, களிம்பு அடங்கிய பெட்டி வருகிறது. முற்றிய நிலையில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் மாதாந்திர உதவித்தொகை உண்டு. அதை வாங்க எங்கள் பெரியம்மா ஒருவர் சான்றிதழ் கேம்பில் நின்றபோது, முன்னால் நின்ற பெண்ணைக் காட்டி, ‘அவளுக்கு என்னவிட பெரிசு, ஆனா அவ வேல செய்யாம குந்திகினே பெரிசாக்கிக்கினா’ என்றார். வழக்காடுவதில் எங்கள் குடும்பத்துக்கே ஒரு கை தேர்ச்சி.

புகழையும் பழியையும் எடுத்துவிட்டால் பொறுப்பு என்று என்ன இருக்கும், எல்லோரும் படுத்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்கலாம். பயிற்சியாளர் ஒருவர் என்னிடம் கேட்டே இருக்கிறார். அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங், அவர் இறந்தபிறகு 2011-இல் வந்த புத்தகத்தில், பின்னால் திரும்பி ‘யார் செய்தது’ என்று கேட்கும் பொறுப்பையும், முன்னால் பார்த்து ‘இனி யார் செய்ய வேண்டும்’ என்று கேட்கும் பொறுப்பையும் பிரிக்கிறார். அவர் பேசியது சமூக அநீதி பற்றி. காலுக்கும் அது அழகாகப் பொருந்துகிறது. தினமும் காலைக் கழுவுவதற்கு, கால் ஏன் வீங்கியது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. கழுவாத நாளைக்கு நான் பாவி இல்லை, கழுவிய நாளைக்கு யோக்கியனும் இல்லை. வீட்டு வாசலைப் பெருக்குகிறவரை யாரும் ‘குப்பைக்குக் காரணம் நீதானா’ என்று கேட்பதில்லையே. தவிர, இந்த வகைப் பொறுப்பு தனியாக ஒருவரிடம் நிற்காது. பின்னோக்கிய பொறுப்புக்கு ஓர் ஆள் போதும், கூண்டு ஒருவருக்குத்தான் இடம் வைத்திருக்கிறது. முன்னோக்கிய பொறுப்பில் பொன்னேரி ஆஸ்பத்திரியின் டிரெஸ்ஸிங் நர்ஸ், காலுறையை இன்ஷூரன்ஸில் சேர்க்காத அதிகாரி, சாக்கடை, சம்பளம், பக்கத்து வீடு எல்லாம் வந்துவிடும்.

இளைப்பது அந்தக் கணக்கில் எங்கே வரும்? ஒரு வேலையாக வரும். செய்யத் தகுந்த, முடிந்தவருக்கு நல்ல பலன் தரும் வேலை. 48 கிலோ குறைந்ததில் கால் ஜுரம் குறைந்திருக்கிறது, படி ஏறுகிறேன், கட்டு நழுவாமல் நிற்கிறது. இது போதாது என்றில்லை. விருதாக மாற்றினால்தான் பிரச்சினை. விருதைத் தக்கவைக்க வேண்டும், எடை இரண்டு கிலோ ஏறினால் ஒளிய வேண்டும். சாயங்காலத்தில் காலில் தேங்கும் நீர் மட்டுமே தராசில் ஒரு கிலோவுக்கு மேல் காட்டும். காலையில் நல்லவனாக எழுந்து ராத்திரி கெட்டவனாகப் படுக்க எனக்கு விருப்பமில்லை. இப்போது யாராவது ‘எவ்ளோ கொறைச்சீங்க, எப்படி?’ என்று கேட்டால், எப்படி என்பதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். ரேட், நேரம், எந்தக் குளம், எந்தப் பருப்பு. பாராட்டு அந்த விவரத்தின் சலிப்பிலேயே கரைந்துவிடுகிறது.

நடைமுறையில் பெரிய தொல்லை ஒன்று உண்டு, அதை இளைப்பதற்கு முன்னால் யாரும் சொல்வதில்லை. உடம்பு இறங்க இறங்க அழுத்தக் காலுறை லூசாகிறது. லூசான உறை மடிந்து முழங்கால் பின்னால் கயிறு மாதிரி இறுக்கும், உள்ளதும் கெடும். 26 மாதத்தில் ஏழு முறை அளவு மாற்றினேன். சம்பளம் இருந்தது. பழைய ஆறையும் துவைத்து வைத்திருந்தேன், அளவு வாரியாக. பெரியம்மாவுக்கு மூன்றாவது சரியாக இருந்தது, கேம்பில் அவர் குறை சொன்ன பெண்ணுக்கு முதலாவது. இரண்டு பேரும் இப்போது ஒரே திண்ணையில் உட்கார்ந்து மாற்றி மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். தனி ஆளால் அதைப் போடவே முடியாது, குதிகாலில் மாட்டிக்கொள்ளும். கையில் ரப்பர் கிளவுஸ் வேண்டும், ஒருவர் காலை நீட்டிப் பிடிக்க இன்னொருவர் இழுக்க வேண்டும். மார்கழியில் ஐந்து நிமிடம். சித்திரை வேர்வையில் பவுடர் போட்டாலும் அரைமணி நேரம் ஆகிறது.